அரசி ஆளாத அரசு

எறும்பைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியில் தனிப் பேச்சு ஒன்று வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்துவிட்டால் எறும்பைப் பற்றிய நம் கவலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் எறும்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. உலகத்து எறும்புகளின் தொகையை மதிப்பிட முயன்ற ஆராய்ச்சியாளர்கள் 2022ஆம் ஆண்டில் ஓர் எண்ணை வெளியிட்டார்கள். அந்த எண் ஏறத்தாழ 20,000 இலட்சம் கோடி. மக்களில் தலைக்கு 25 இலட்சம் எறும்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரிட்டு வகைப்படுத்திய இனங்கள் மட்டுமே ஏறக்குறைய 14,000 இருக்கின்றன. இந்தக் குலம் தோன்றி 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனித இனத்துக்கு வயது 3 இலட்சம் ஆண்டு என்று சொன்னால் அதுவே பெரிது.

அத்தனை இனங்களையும் தொட்டுக்கொண்டு போனால் பெயர்ப் பட்டியல் படிப்பதிலேயே பொழுது கழிந்துவிடும். ஆகையால் நமக்கு நன்றாக அறிமுகமான ஓர் எறும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாங்காய் பறிக்க மரத்தில் ஏறி, கழுத்திலும் கையிலும் கடிபட்டு, காயைத் தொடாமலே இறங்கிவந்த சிறுவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கடித்தது செந்நிறமும் நீண்ட கால்களும் உடைய மரத்து எறும்பு. முசுறு, முசிறு, முசுடு என்று இடத்துக்கு இடம் அதன் பெயர் சற்று மாறுகிறது. முயிறு என்பது பழைய பெயர். நற்றிணைப் பாட்டு ஒன்றில் முயிறு மொய்க்கும் கூடு பேசப்படுகிறது. எனவே இந்தக் கூட்டை நம் முன்னோர் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

விஞ்ஞானிகள் இதற்கு ஈகோஃபில்லா ஸ்மராக்டினா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதற்சொல்லுக்கு இலைவீடு என்று பொருள். இரண்டாவது சொல் மரகத நிறத்தைக் குறிப்பது. மரகதம் என்னும் சொல்லுக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் உறவு உண்டு. நம் நாட்டு முசுறு சிவப்பாயிற்றே, மரகதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இதே எறும்பின் வயிறு பச்சையாக இருக்கிறது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஃபப்ரீசியஸ் 1775இல் சூட்டிய பெயர் இது. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றில் தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இந்த எறும்பு பரவியிருக்கிறது. இதன் நெருங்கிய உறவினமான மற்றொரு முசுறு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்கிறது.

முசுறு மண்ணைத் தோண்டுவதில்லை, மரப்பொந்தையும் நாடுவதில்லை. உயிருள்ள பச்சை இலைகளைக் கிளையிலிருந்து பறிக்காமலே வளைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வீடு கட்டிக்கொள்கிறது. ஒரு குடியைச் சேர்ந்த எறும்புகள் எல்லாம் ஒரே கூட்டில் அடங்கிவிடும் என்று எண்ணவேண்டாம். நன்கு வளர்ந்த ஒரு குடிக்குப் பல மரங்களில் பரவிய நூற்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருக்கலாம். எறும்புகளின் தொகை 5 இலட்சத்தை எட்டலாம். தோப்பின் ஒரு பகுதி முழுவதுமே ஒரு நகரம்; நாம் பார்க்கும் இலைக்கூடு அதில் ஒரு தெரு.

வீடு கட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். புதுக் கூட்டுக்கு இடம் தேவைப்படும்போது எறும்புகள் இலைகளின் மேல் பரவி நின்று, ஒவ்வொன்றும் தன் எதிரில் உள்ள இலை விளிம்பைக் கவ்வி இழுத்துப் பார்க்கிறது. பெரும்பாலான இலைகள் அசைந்துகொடுப்பதில்லை. எங்கேனும் ஓர் இலையின் நுனி சிறிது மடங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவை தம் முயற்சியை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்துகொள்கின்றன. இலை மேலும் மடங்குகிறது. அதைக் கண்டு இன்னும் சில வருகின்றன. சிறிது நேரத்தில் ஒரு வரிசை எறும்புகள், பின்னங்கால்களால் ஓர் இலையைப் பற்றிக்கொண்டு, வாயால் அடுத்த இலையின் விளிம்பைக் கவ்வி, இரண்டையும் நெருங்கச் செய்வதைப் பார்க்கலாம். இலைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஓர் எறும்பின் நீளத்தை விட அதிகமாக இருந்தால், ஒன்றின் இடையை மற்றொன்று கவ்விக்கொண்டு சங்கிலியாகத் தொங்குகின்றன. அப்படிப் பல சங்கிலிகள் பக்கம் பக்கமாக அமைந்து, ஒரே திசையில் இழுக்கின்றன. ஒரு முசுறு தன் எடையைப் போல் நூறு மடங்கு எடையைக் கவ்வியபடி தலைகீழாகத் தொங்க வல்லது என்றால், சில நூறு முசுறுகள் சேர்ந்தால் மாவிலை வளைவதில் வியப்பில்லை.

1770இல் காப்டன் குக்குடன் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்த தாவர அறிஞர் ஜோசஃப் பாங்க்ஸ் இந்தக் காட்சியைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். எறும்புகளை விரட்டியவுடன், வளைந்திருந்த இலைகள் விசையோடு நிமிர்ந்துகொண்டனவாம். இத்தனை சிறிய உயிர்கள் அத்தனை விசையை அடக்கிவைத்திருந்தன என்பது அவருக்குப் பெரும் வியப்பாக இருந்தது. ஆனால், இலைகளை ஒட்டவைக்கும் பொருள் எது? எறும்பின் உடலில் சுரக்கும் ஏதோ பசை என்று அவர் எண்ணிக்கொண்டார். கூட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரிவதோ பசை அன்று, வெண்ணிறமான பட்டு. வளர்ந்த எறும்பின் உடலில் பட்டுச் சுரப்பி கிடையாது. அப்படியானால் பட்டு எங்கிருந்து வந்தது?

விடை வெளிப்பட நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி 1890இல் அதனைக் கண்டு எழுதினார். ஜெர்மானிய விலங்கியலார் டாஃப்ளைன், இலங்கையில் தாம் பார்த்தவற்றை 1905இல் விரிவாக வெளியிட்டார். பட்டு நூற்பவை எறும்பின் குழந்தைகள்! இலைகளை இழுத்துப் பிடிப்பவை வெளியே நிற்கும்போது, வேறு சில எறும்புகள் கூட்டுக்குள்ளிருந்து புழுப் பருவத்துக் குஞ்சுகளை வாயில் மென்மையாகக் கவ்விக்கொண்டு வருகின்றன. புழுவின் தலையை ஓர் இலையின் விளிம்பில் தொடுவிக்கிறது எறும்பு; தன் உணர்கொம்புகளால் மெல்லத் தட்டுகிறது. புழுவின் வாயருகிலிருந்து மெல்லிய இழை வெளிவந்து இலையில் ஒட்டிக்கொள்கிறது. உடனே அதைத் தூக்கி எதிர் இலையில் தொடுவிக்கிறது. பிறகு மீண்டும் இந்தப் பக்கம். தறியில் நாடா ஓடுவது போல, புழு இங்கும் அங்கும் ஓட்டப்படுகிறது. இழை இழையாகப் பின்னிப் பட்டுத் துணி ஒன்று உருவாகிறது. இழுத்துப் பிடித்தவை பிடியை விட்டாலும் இலைகள் இனி நிமிர்ந்துகொள்வதில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். முசுற்றின் உறவினங்களான எறும்புகள் பலவற்றில், புழு தன் பட்டைக் கொண்டு தனக்கென ஒரு கூடு பின்னி, அதனுள்ளே உறங்கி எறும்பாக மாறுகிறது. முசுற்றின் புழுவுக்கு அந்தக் கூடு கிடையாது; தன்னிடமிருந்த பட்டையெல்லாம் குடியின் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. கூட்டுப்புழுப் பருவத்தை வெறும் உடம்போடு கழிக்கிறது. பொது வீடு இருக்கும்போது தனிப் போர்வை எதற்கு என்று சொல்வது போல இருக்கிறது.

இழுக்க ஒரு பிரிவு, கவ்விக்கொண்டு வர ஒரு பிரிவு, நூற்க ஒரு பிரிவு என்று இத்தனை ஒழுங்கைப் பார்த்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, இவற்றுக்கு மேஸ்திரி யார் என்பதுதான். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது என்பது நம் அனுபவம். ஆகவே, எறும்புக்கும் ஒரு தலைவன் இருக்கவேண்டும், அல்லது அரசியாவது கட்டளை இடவேண்டும் என்று பழைய நூலாசிரியர்கள் எண்ணினார்கள். தேடிப் பார்த்ததில் அப்படி ஒருவரும் அகப்படவில்லை. அரசி எங்கோ ஒரு கூட்டின் நடுவே இருக்கிறது. கட்டட வேலையை அது கண்டதுகூட இல்லை.

1959இல் பிரெஞ்சு அறிஞர் கிராசே, கறையான் புற்று எழுப்புவதை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். அதற்கு ஸ்டிக்மெர்ஜி என்று பெயரிட்டார். அதன் சாரம் எளியது. ஒரு வேலைக்காரப் பூச்சிக்கு அடுத்த வேலையைச் சொல்வது இன்னொரு பூச்சி அன்று. அதுவரை முடிந்த வேலையே சொல்கிறது. மடங்கிய இலை நுனி, ‘இங்கே வா, இழு’ என்று அழைக்கிறது. நெருங்கி நிற்கும் இரண்டு விளிம்புகள், ‘புழுவைக் கொண்டு வா’ என்கின்றன. ஒவ்வோர் எறும்பும் தன் கண்ணுக்கும் கொம்புக்கும் எட்டிய சிறு வட்டத்தை மட்டும் அறிந்து செயற்படுகிறது. முழு வீட்டின் வரைபடம் எந்த எறும்பின் தலையிலும் இல்லை. ஆயினும் வீடு எழும்புகிறது.

கூட்டாக இழுப்பதைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆட்களின் தொகை கூடக் கூட ஒவ்வோர் ஆளும் இழுக்கும் விசை குறைகிறது என்று ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் அளந்து 1913இல் வெளியிட்டார். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வடத்தில் கை வைத்திருப்பவர் எல்லாரும் இழுப்பவர் அல்லர். முசுறுகளைக் கொண்டு இதே சோதனையை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் செய்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். விசை அளக்கும் கருவியோடு இணைத்த காகித இலையை எறும்புகள் இழுத்தன. கூட்டம் பெருகியபோது ஒவ்வோர் எறும்பின் விசையும் கூடி, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சங்கிலியின் முன்னே உள்ளவை இழுக்க, பின்னே உள்ளவை உடலை நீட்டி, கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டு, கிடைத்த விசை நழுவாமல் காக்கின்றன என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

இதைக் கேட்டுவிட்டு, எறும்பு ஓயாமல் உழைக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வது முழு உண்மை என்று எண்ணிவிட வேண்டாம். பல எறும்பினங்களில் தனித்தனி எறும்புக்கு வண்ணப் புள்ளியிட்டுக் கவனித்தவர்கள், எந்த நேரத்திலும் கணிசமான பகுதி சும்மாவே இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். மாணவ நேயர்கள் இந்தச் செய்தியை வீட்டில் எடுத்துரைக்கலாம். பயன் இருக்குமா என்று நான் சொல்ல இயலாது.

இனி அரசியைப் பார்ப்போம். மழைக்காலத்தையொட்டி, சிறகு முளைத்த இளம் அரசிகளும் ஆண் எறும்புகளும் கூடுகளிலிருந்து பறக்கின்றன. ஆணின் வாழ்வு அந்தப் பறத்தலோடு முடிந்துவிடுகிறது. கருவுற்ற அரசி இறங்கி, சிறகுகளை உதிர்த்துவிட்டு, ஓர் இலை மறைவில் பதுங்கி முட்டையிடுகிறது. அப்போது அதற்கு ஊட்டுவார் இல்லை. இனித் தேவைப்படாத பறக்கும் தசைகள் உடலுக்குள்ளே கரைந்து உணவாகின்றன. அதிலிருந்தே முதற்குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வேலைக்காரிகளானதும் அரசியின் வெளியுலக வாழ்வு முடிகிறது. பிறகு அது செய்வதெல்லாம் முட்டையிடுவது ஒன்றே. அன்று சேமித்துக்கொண்ட விந்தணுக்களைக் கொண்டே பல ஆண்டுகள் முட்டையிடுகிறது.

வேலைக்காரிகள் என்று சொன்னேன். குடியிலுள்ள உழைப்பாளிகள் எல்லாம் பெண்களே. அனைத்தும் அரசியின் மகள்கள். முசுற்றில் இவை இரண்டு அளவில் இருக்கின்றன. 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள பெரியவை வேட்டைக்கும் போருக்கும் கட்டட வேலைக்கும் போகின்றன. ஏறத்தாழ அதில் பாதி அளவுள்ள சிறியவை கூட்டுக்குள்ளே குஞ்சுகளைப் பேணுகின்றன. எறும்புக்கு இரண்டு வயிறு என்று சொல்லலாம். ஒன்று தனக்கு, மற்றொன்று ஊருக்கு. வெளியே சென்று அருந்திய இனிப்பு நீர் இந்த ஊர் வயிற்றில் தங்கும். பசித்த எறும்பு எதிர்ப்பட்டுக் கொம்பால் தட்டினால், ஒரு துளியை வெளிக்கொணர்ந்து வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. ஒன்று தின்றது சிறிது நேரத்தில் பலவற்றின் வயிற்றில் இருக்கிறது.

அரசி கட்டளை இடுவதில்லை என்றால் அதற்கு அதிகாரமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அது அதன் மணம். அரசியின் உடலிலிருந்து வரும் மணம் இருக்கும்வரை வேலைக்காரிகள் குஞ்சு பொரிக்கும் முட்டை இடுவதில்லை; அவை இடும் சில முட்டைகளும் அரசிக்கே உணவாக ஊட்டப்படுகின்றன. ஆப்பிரிக்க முசுற்றை ஆராய்ந்த ஹோல்டாப்ளர், வில்சன் என்ற இருவர், இறந்த அரசியின் உடல் கூட்டில் கிடக்கும் வரையிலும் இந்தக் கட்டுப்பாடு நீடித்ததைக் கண்டார்கள். மணம் முற்றிலும் போன பின்பு வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்கின. ஆனால் அவற்றிலிருந்து வந்தவை ஆண்கள் மட்டுமே. உழைக்கும் பெண்கள் புதிதாகப் பிறக்காத அந்தக் குடி மெல்ல மெல்ல அழிந்துபோகும்.

ஏன் ஆண்கள் மட்டும்? எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் பிறப்பு முறை நம்முடையதைப் போன்றது அன்று. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் பிறக்கிறது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. ஆகவே ஆண் எறும்புக்குத் தந்தை இல்லை; ஆனால் தாய்வழிப் பாட்டன் உண்டு! இது விடுகதைபோல் தோன்றினாலும், இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். டார்வினைத் தடுமாறவைத்த ஒரு கேள்வியின் விடையில் இதற்கும் பங்கு உண்டு.

1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்ற நூலில், இயல்பூக்கத்தைப் பற்றிய ஏழாம் இயலில், டார்வின் இந்தக் கேள்வியை மறைக்காமல் எடுத்துவைக்கிறார். தன் குலத்தைப் பெருக்கும் உயிரின் இயல்புகளே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பது அவர் கொள்கை. வேலைக்கார எறும்போ பிள்ளை பெறுவதில்லை. அப்படியிருக்க, அதன் பலத்த தாடையும் கட்டும் திறனும் எப்படித் தலைமுறை தலைமுறையாக வருகின்றன? தம் கொள்கைக்கே இது முடிவு கட்டிவிடுமோ என்று முதலில் அஞ்சியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். தேர்வு தனி உயிருக்கு மட்டுமன்றிக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தக்கூடும் என்பது அவர் கண்ட விடை. நல்ல வேலைக்காரிகளைப் பெற்ற தாய்க்கு மேலும் அரசிகளும் ஆண்களும் பிறப்பார்கள். அவர்கள் வழியாக அந்த இயல்பு தொடரும்.

இந்த விடைக்குக் கணக்கு எழுதியவர் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேய இளைஞர், ஆண்டு 1964. தந்தை எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து வந்ததால், அதனிடம் மரபுப் பொருள் ஒற்றைப் படியாகவே இருக்கிறது. அதைப் பங்கிடாமல் முழுமையாக ஒவ்வொரு மகளுக்கும் கொடுக்கிறது. தாய் தன் இரட்டைப் படியில் பாதியைக் கொடுக்கிறது. கூட்டிப் பார்த்தால், உடன்பிறந்த இரு சகோதரிகளிடையே பொதுவாக உள்ளது முக்கால் பங்கு. ஒரு பெண் எறும்பு தானே மகளைப் பெற்றிருந்தால் பொதுவாக இருப்பது அரைப் பங்குதான். தன் மகளைக் காட்டிலும் தங்கை நெருங்கிய உறவு! அந்தக் கணக்கில் பார்த்தால், தாயின் வீட்டிலேயே தங்கித் தங்கைகளை வளர்ப்பது இழப்பு அன்று.

கணக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக அதோடு நின்றுவிடக் கூடாது. அரசி பல ஆண்களோடு கூடினால் சகோதரிகளின் உறவு முக்காலுக்குக் கீழே இறங்கிவிடும். சகோதரர்களோடு உள்ள உறவு காலே. மேலும், கறையான் என்பது எறும்புக் குலமே அன்று. கரப்பான் பூச்சியின் உறவு. அதில் ஆணும் பெண்ணும் நம்மைப் போலவே தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிறக்கின்றன. முக்கால் கணக்கு அங்கே செல்லாது. ஆயினும் கறையானும் அரசியும் வேலைக்காரருமாக நகரம் அமைத்திருக்கிறது. ஆகவே உறவின் நெருக்கம் ஒரு காரணம். காப்பதற்கு ஓர் உறுதியான வீடு இருந்தது மற்றொரு காரணம் ஆகலாம். இந்த வழக்கில் அறிஞர்களின் வாதம் இன்னும் முடியவில்லை. கல்லூரியில் உயிரியல் பயிலும் உங்களில் சிலர் அதில் கலந்துகொள்ளும் நாளும் வரலாம்.

முசுற்றின் வாழ்வில் போர் பெரும்பகுதி. தன் மரங்களின் மீது கழிவுத் துளிகளை இட்டு எல்லை குறித்துக்கொள்கிறது. அயல் குடியின் முசுறு எல்லைக்குள் வந்தால், கண்டது ஓடிச்சென்று வழிநெடுக மணக்கோடு இழுத்து, எதிர்ப்படும் தோழியர் முன் உடலை உலுக்கிக் காட்டி அழைத்துவருகிறது. தாடைச் சுரப்பியிலிருந்து வெளிப்படும் அபாய மணத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. விரைவில் பரவுவது எச்சரிக்கிறது. அடுத்தது அருகே இழுக்கிறது. மெல்லப் பரவுவது கடிக்கத் தூண்டுகிறது. முசுற்றுக்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, வயிற்றின் நுனியிலிருந்து எறும்பு அமிலத்தைப் பீய்ச்சுகிறது. கடித்த இடம் எரிவது அதனால்தான்.

எல்லையில் உள்ள கூடுகளில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? கிழவிகள். இளம் எறும்புகள் நடுக்கூடுகளில் குஞ்சு வளர்ப்பில் ஈடுபட, வயது முதிர்ந்து உடல் தேய்ந்தவை எல்லைக் கூடுகளுக்குப் போய்விடுகின்றன. போர் மூண்டால் முதலில் மடிபவை அவையே. மனிதர் இளைஞரை முன்னே அனுப்புகிறார்கள். எறும்பு பாட்டிமாரை அனுப்புகிறது. உழைக்கவேண்டிய நாள்கள் அதிகம் எஞ்சியிருப்பவற்றை வீட்டில் வைத்துக்கொள்வது குடிக்குச் சிக்கனம்.

இத்தனை காவல் இருந்தும் மாற்றார் நுழைந்துவிடுகிறார்கள். மணத்தை நம்பி வாழும் ஊரில் மணத்தாலும் வடிவாலும் ஏமாற்றலாம். முசுற்றைப் போலவே செந்நிறமும் இடுங்கிய இடையும் கொண்ட குதிக்கும் சிலந்தி ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. எட்டுக் கால்களில் முன்னிரண்டைத் தூக்கி அசைத்து, உணர்கொம்பு என்று நம்பவைக்கும். அது எறும்பைத் தின்பதற்காக வேடம் போடவில்லை. முசுற்றைத் தொட அஞ்சும் பறவையிடமிருந்தும் குளவியிடமிருந்தும் தப்பவே போடுகிறது. லிஃபைரா என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவோ உண்மையான கொள்ளைக்காரன். ஆமையோடு போன்ற கடினமான தோலைப் போர்த்துக்கொண்டு கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்கிறது. கடிக்க வருபவற்றின் தாடை அந்தத் தோலில் பிடிபடுவதில்லை. சிறகு முளைத்து வெளிவரும் நாளில் அந்தக் கவசம் கழன்றுவிடும். அப்போது உடலெங்கும் உதிர்கிற வெண்செதில்கள் நிறைந்திருக்கின்றன. பாய்ந்து கவ்விய எறும்புகளின் வாயில் செதில்தான் மிஞ்சும், பூச்சி தப்பிவிடும்.

தோப்புக்காரருக்கு முசுறு நண்பனா பகைவனா? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் மரத்தின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரை வெளியிடுகின்றன. அந்த நீருக்காக முசுறு அவற்றைப் பசுக்களைப் போலக் காத்து, மேலே இலைக்கூரையும் வேய்கிறது. காய் பறிக்க ஏறுவோரைக் கடிப்பது இன்னொரு குற்றம். மறுபுறம், இலை தின்னும் புழுக்களையும் காயைத் துளைக்கும் பூச்சிகளையும் பிடித்து, ஆளுக்கொரு காலைக் கவ்விப் பிய்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. இதனைச் சீனர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். கி.பி. 304ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு தாவர நூல், தென்சீனத்துச் சந்தையில் எறும்புக்கூடுகள் பையோடு விற்கப்பட்டதையும், அந்த எறும்பு இல்லாத ஆரஞ்சு மரங்களின் பழம் பூச்சியரித்துப் போனதையும் குறிப்பிடுகிறது. எறும்புகள் மரத்துக்கு மரம் செல்ல மூங்கிற் பாலம் கட்டும் வழக்கம் பிற்காலத்தில் இருந்தது. பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கும் முறைக்கு நாம் அறிந்த மிகப் பழைய சான்று இதுவே. வியட்நாமில் மெக்காங் ஆற்றுக் கழிமுகத்து உழவர்கள் எலுமிச்சை வகைத் தோட்டங்களில் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வட ஆஸ்திரேலியாவில் முந்திரி, மாந்தோப்புகளில் சோதித்தபோதும் நல்ல பயன் தெரிந்தது. கண்டபடி மருந்து தெளிக்கும் தோட்டத்தில் மட்டும் இது செல்லாது. முதலில் சாவது காவற்காரன்தான்.

எறும்பையே உண்பவர்களும் இருக்கிறார்கள். பஸ்தர்ப் பகுதியிலும் ஒடிசாவிலும் முசுற்றையும் அதன் குஞ்சுகளையும் மிளகாய், உப்புச் சேர்த்து அரைத்துத் துவையல் செய்கிறார்கள். எறும்பு அமிலத்தின் புளிப்பே அதற்குச் சுவை. ஒடிசாவின் சிமிலிபால் மலைப் பகுதித் துவையலுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோப்பில் முசுற்றைக் குடியேற்ற விரும்புவோர்க்கு ஒரு தொல்லை உண்டு. கூடுகளைக் கிளையோடு வெட்டி, பையில் கட்டிக் கொண்டுவருவது எளிது. கடியைப் பொறுத்துக்கொண்டால் போதும். ஆனால், நூறு கூடுகளில் அரசி இருப்பது ஒரே கூட்டில். அது பெரும்பாலும் மரத்தின் உயரத்தில், மற்றவற்றைப் போன்ற இலைக்கூடாகவே இருக்கும். வாயிலில் தனிக் காவல் கிடையாது, வெளியே அடையாளமும் கிடையாது. அதைத் தவறவிட்டு மற்ற அனைத்தையும் கொண்டுவந்தாலும், புதுத் தோப்பில் முசுறுகள் வழக்கம்போலவே இலை மடிக்கும், வேட்டையாடும், சண்டை போடும். அவற்றின் வேலையில் ஒரு குறையும் முதலில் தெரியாது. மாதங்கள் செல்லச் செல்ல, கூடுகளின் தொகை குறைந்துகொண்டே வருவதைப் பார்த்த பிறகுதான், அரசி பழைய மரத்திலேயே தங்கிவிட்டது என்பது தோப்புக்காரருக்குத் தெரியவரும்.